புகைவண்டி விட்டுச் சென்ற மலைப்பாதை

மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்துச் சைக்கிள் எடுத்து, ஊர்ப்புறத்துச் செம்மண் சாலையிலே பழகியவர்கள் நம்மில் பலர். பிழைப்பின் பொருட்டுத் தில்லிக்கும் மும்பைக்கும் நாகபுரிக்கும் கொல்கத்தாவுக்கும் வந்து குடியேறிய பின்னர், அந்த வண்டி பெரும்பாலும் நினைவிலே மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. விடுமுறைக்குச் சிம்லாவுக்கோ டார்ஜிலிங்குக்கோ மகாபலேசுவரத்துக்கோ குடும்பத்தோடு செல்லும்போது, பள்ளத்தாக்கின் விளிம்பை ஒட்டி வளைந்தோடும் சாலையைக் கண்டவுடன் பழைய ஆசை தலைதூக்கும். இங்கே ஒரு சைக்கிள் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எண்ணுவோம். அடுத்த திருப்பத்திலே லாரி ஒன்று முழங்கிக்கொண்டு எதிர்ப்படும்; அதன் பின்னே பேருந்து; அதன் பின்னே வரிசையாகக் கார்கள். ஆசை வந்த வழியே திரும்பிவிடும்.

லாரியை மறந்துவிட்டாலும் மற்றோர் இடையூறு உண்டு. அதுதான் ஏற்றம். மோட்டார் வண்டிகள் நுழையாத மண்தடங்கள் மலைநாட்டில் இல்லாமல் இல்லை. ஆடு மேய்ப்பவரும் விறகு சுமப்பவரும் நடந்து நடந்து உண்டாக்கிய வழிகள் எங்கும் கிடக்கின்றன. ஆனால் கால்நடையாகச் செல்பவர் குறுக்கு வழியையே நாடுவர். ஆகையால் அத்தடங்கள் செங்குத்தானவை. மோட்டார்ச் சாலையோ எஞ்சினுடைய வலிமையை நம்பிப் போடப்பட்டது. சாதாரண மனிதனுடைய இரண்டு கால்களை நம்பி மலையில் வழி வகுத்தவர்கள் யார்?

வேடிக்கை என்னவெனில், அப்படி வகுத்தவர்கள் சைக்கிளை எண்ணவே இல்லை. அவர்கள் புகைவண்டிக்குப் பாதை போட்டவர்கள். வண்டி நின்று, தண்டவாளம் பெயர்க்கப்பட்டு, அந்த வெறுந்தடத்தின்மேல் சரளை பரப்பப்பட்ட இடங்களிலேதான், ஊர்தி நெரிசலின்றி, மூச்சு முட்டாமல், நாட்கணக்காக மலைகளினூடே சைக்கிளிற் செல்லக்கூடிய வழிகள் உலகில் பல உண்டாகியிருக்கின்றன. அவ்வாறு உண்டான பாதை ஒன்றின் வரலாற்றை இங்கே விரித்துக் கூறுவோம். நம் நாட்டிலும் இதே கேள்வி எழுந்துள்ள ஓரிடத்தைப் பின்னர்க் காண்போம்.

முதலில் ஏற்றத்தின் கணக்கைப் பார்த்துவிடலாம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் எளிதாக உருளும்; ஆனால் ஏற்றத்தில் அதற்குப் பிடிப்புப் போதாது. சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழலும். ஆதலால் 50 அடி நீளத்துக்கு ஓர் அடிக்கு மேல் உயராதபடி பாதையை அமைப்பது மலைநாட்டு இருப்புப்பாதைகள் பலவற்றின் வழக்கமாயிற்று. அந்தச் சரிவைக் காப்பாற்றும் பொருட்டு மலையைச் சுற்றினார்கள், சுற்ற இயலாத இடத்தில் குடைந்தார்கள், பள்ளத்தை மேடாக்கினார்கள், ஓடைக்குப் பாலமிட்டார்கள். இரும்புச் சக்கரத்தின் பலவீனம் காரணமாகக் கோடி கோடியாகச் செலவிடப்பட்டது.

அந்தச் செலவின் பயன் சைக்கிளோட்டிக்கு எப்படிக் கிட்டுகிறது? ஆளும் வண்டியும் மூட்டையும் சேர்ந்து 90 கிலோ எடை என்று கொள்வோம். பழக்கமுள்ள, ஆனால் பந்தய வீரரல்லாத ஒருவர் நெடுநேரம் இடைவிடாமல் 100 வாட் அளவு உழைக்கக்கூடும். 50-க்கு 1 என்ற ஏற்றத்தில், சரளையின் உராய்வையும் காற்றின் தடையையும் கழித்து, அவ்வுழைப்பைக் கொண்டு மணிக்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டர் செல்லலாம். 10-க்கு 1 என்ற ஏற்றத்திலோ, அதே உழைப்புக்கு மணிக்கு 4 கிலோமீட்டர் கூடக் கிட்டாது. அந்த வேகத்தில் சைக்கிள் நேராக நிற்பதே அரிது. இறங்கித் தள்ளுவதே விவேகம். புகைவண்டியின் சரிவு மனிதக் காலுக்கு ஏற்ற சரிவாக அமைந்தது தற்செயலே. ஆயினும் அளந்து தைத்த சட்டை போல அமைந்துவிட்டது.

வேறொரு நன்மையும் உண்டு. எஞ்சினுக்கு இடையிடையே தண்ணீர் வேண்டும்; குடியானவர் மூட்டையை மாட்டுவண்டியிலோ குதிரைவண்டியிலோ ஏற்றி வந்து இறக்க எட்டும் தூரத்தில் நிலையம் வேண்டும். ஆகவே 10, 15 கிலோமீட்டருக்கு ஓர் ஊர் இருப்புப்பாதையின்மேல் வந்தமைந்தது. களைத்த சைக்கிளோட்டிக்குத் தேநீரும் நிழலும் வேண்டிய தொலைவும் ஏறத்தாழ அதுவே.

தண்டவாளத்தை எடுத்துவிட்டால் மட்டும் பாதை ஆகிவிடாது. தண்டவாளத்துக்கு அடியில் கொட்டப்படும் ஜல்லி முட்டை அளவினது. கூரிய முனைகளை உடையது. அதன்மேல் சைக்கிளை ஓட்டினால் எலும்பும் டயரும் ஒருங்கே நொறுங்கும். அந்த ஜல்லியைச் சமப்படுத்தி அடித்தளமாக்கி, அதன்மேல் பொடிக்கல்லும் களிமண்ணும் கலந்த சரளையைப் பரப்பி, உருளை கொண்டு அழுத்தவேண்டும். கட்டை மட்டும் பதித்த பாலங்களுக்குப் பலகைத் தளமும் இருபுறமும் கைப்பிடியும் வேண்டும். ஓட்டுபவருக்கும் வேறு வகை வண்டி ஏற்றது. நகரத்துச் சைக்கிளின் மெல்லிய டயர் சரளையில் புதையும். 40 மில்லிமீட்டர் அளவு அகலமுள்ள டயரில் காற்றைச் சற்றே குறைவாக வைத்துக்கொண்டால், அது கற்களின்மேல் துள்ளாமல் தழுவிச் செல்லும். இப்போது இதற்கென்றே சரளைச் சைக்கிள் என்று ஓர் இனம் செய்து விற்கிறார்கள். மலைச் சைக்கிள் வைத்திருப்பவர் அதனைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இனி நியூசிலாந்துக்குச் செல்வோம். அந்நாட்டின் தெற்குத் தீவிலே ஒட்டாகோ என்பது ஒரு மாநிலம். கடற்கரையில் டுனீடின் நகரம். உள்நாட்டில் மரங்கள் அரிதான, புல் மண்டிய, பாறை துருத்திய மலைகள். 1861-ஆம் ஆண்டில் அங்கே பொன் கண்டெடுக்கப்பட்டது. மறுவருடம் ஹார்ட்லி, ரைலி என்னும் இருவர் உள்நாட்டு ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து 87 பவுண்டு எடையுள்ள பொன்னை நகருக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தனர். ஆயிரக்கணக்கானோர் மலைக்கு ஓடினர். பொன் குறைந்த பிறகு ஆட்டு ரோமமும் தானியமும் பழங்களும் எஞ்சின. அவற்றைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர இருப்புப்பாதை வேண்டுமென்ற கோரிக்கை வலுத்தது.

1879-இல் வேலை தொடங்கியது. பணமுடையும் பாறையும் மாறி மாறி வழிமறித்தன. 1891-இல் மிடில்மார்ச் என்னும் ஊரையும், 1898-இல் ரான்ஃபர்லியையும், 1907-இல் கிளைடையும் அடைந்து, இறுதியாக 1921-இல் குரோம்வெல்லில் வந்து நின்றது. 236 கிலோமீட்டர் போட 42 ஆண்டுகள்! தொடங்கியபோது வேலைக்கு வந்த இளைஞர் முடியும்போது பேரன் எடுத்திருப்பார்.

இவ்வளவு பாடுபட்டுப் போட்ட பாதையை லாரி வென்றது. சரக்கு சாலைக்கு மாறியது. கடைசிக் காலத்தில், கிளைடில் கட்டப்பட்ட பெரிய அணைக்குத் தேவையான பொருள்களைச் சுமந்ததே அதன் முக்கிய வேலையாக இருந்தது. அணைக்காகவே கிளைடுக்கும் குரோம்வெல்லுக்கும் இடைப்பட்ட பகுதி 1980-இல் மூடப்பட்டுப் பின்னர் நீரில் மூழ்கியது. அணை வேலை ஓய்ந்ததும், 1990 ஏப்ரல் 30-ஆம் நாள் எஞ்சிய பாதையும் மூடப்பட்டது. மறுவருடம் தண்டவாளங்களைப் பெயர்த்தார்கள். டுனீடினிலிருந்து மிடில்மார்ச் வரையிலான பகுதியை மட்டும் அந்நகராட்சி உல்லாச இரயிலுக்காக வாங்கி வைத்துக்கொண்டது. மிடில்மார்ச்சிலிருந்து கிளைடு வரையில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர், தண்டவாளமற்ற வெறுந்தடமாகக் கிடந்தது.

இந்த இடத்திலேதான் வரலாறு இரண்டாகப் பிரிந்திருக்கக்கூடும். நாடாவைப் போல் நீண்ட அந்த நிலத்தைத் துண்டு துண்டாக வெட்டி, அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்கு விற்றிருந்தால் அரசுக்குச் சிறிது பணம் கிடைத்திருக்கும். ஒருவரும் குறை கூறியிருக்கமாட்டார். பண்ணைக்காரர்கள் பலருக்கு அதுவே விருப்பமாயிருந்தது. அந்நியர் வந்து போனால் வாயிற்கதவைத் திறந்தபடி விட்டுவிடுவர், நாய்கள் ஆடுகளைத் துரத்தும், காய்ந்த புல்லில் தீப்பொறி விழும் என்று அவர்கள் அஞ்சினர். அந்த அச்சம் வீணானதென்று நாம் சொல்லமாட்டோம். ஆட்டு மந்தையை நம்பிப் பிழைப்பவருக்கு ஒரு திறந்த கதவு ஒரு நாள் வேலையைக் கெடுத்துவிடும். எனினும் 1993-இல் அந்நாட்டு இயற்கைப் பாதுகாப்புத் துறை நிலம் முழுவதையும், பாலங்களோடும் சுரங்கங்களோடும், ஒரே துண்டாகப் பெற்றுக்கொண்டது. 1994-இல் உள்ளூர்க்காரர்கள் ஓர் அறக்கட்டளை அமைத்துப் பணம் திரட்டினர். பாலங்களுக்குத் தளம் போட்டார்கள், சரளை பரப்பினார்கள், மந்தை கடக்கும் இடங்களில் கதவு வைத்தார்கள். கதவைக் கண்டபடியே விட்டுச் செல்க என்பது அப்பாதையின் முதல் விதியாயிற்று. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் முழுப் பாதையும் முறையாகத் திறந்துவைக்கப்பட்டது. நீளம் 152 கிலோமீட்டர், பாலங்கள் 68, சுரங்கங்கள் 3, மோட்டார் வண்டிக்கு இடமில்லை.

கிளைடிலிருந்து புறப்பட்டால், பழத்தோட்டங்களினூடே அலெக்சாந்திரா வரையில் சமதளம். நியூசிலாந்து என்றவுடன் ஓயாத மழையையும் பசுமையையும் எண்ணுகிறோம். ஆனால் இப்பகுதி அந்நாட்டிலேயே மிக வறண்டது. ஆண்டு மழை 400 மில்லிமீட்டரை எட்டுவதில்லை. கோடையில் வெயில் நம் ஊர் வெயிலை நினைவூட்டும். குளிர்காலத்திலோ கதை வேறு. 1903 ஜூலை மாதத்தில் ரான்ஃபர்லியில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 25.6 டிகிரி வரை இறங்கியது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரையிலான மாதங்களே சைக்கிளுக்கு உகந்தவை.

சாட்டோ கிரீக் என்னும் சிற்றூரைத் தாண்டியதும் புலிக்குன்று என்னும் பெயருடைய மேடு குறுக்கிடுகிறது. பெயர் அச்சமூட்டினும் அங்கே புலியும் இல்லை, செங்குத்தான ஏற்றமும் இல்லை. மோட்டார்ச் சாலை நேராகச் செல்ல, இருப்புப்பாதை விலகி நீண்ட வளைவு ஒன்றை எடுத்து, 50-க்கு 1 என்ற அளவைக் காப்பாற்றிக்கொண்டு மெல்ல உயர்கிறது. பெரிய வளைவுகளை ஏன் எடுத்தார்கள் என்பதைக் கால்களே உணர்த்திவிடும். பின்னர் ஓமாகாவ், லாடர். லாடரில் வானிலை மேல்மண்டலத்தை ஆராயும் நிலையம் ஒன்று உண்டு. மாசற்ற காற்றையும் தெளிந்த வானத்தையும் கருதி அவ்விடத்தைத் தேர்ந்தனர். புகை கக்கிய இரயில் ஒரு காலத்தில் அவ்வழியே ஓடியது என்பது நகைப்புக்குரிய முரண்.

லாடருக்கு அப்பால் பாதையின் சிறந்த பகுதி. மோட்டார்ச் சாலை எட்டிப் பார்க்காத பூல்பர்ன் பள்ளத்தாக்கில் 110 மீட்டருக்கு மேல் நீளமுள்ள பாலம் ஒன்று. அடுத்தடுத்து, ஒவ்வொன்றும் 200 மீட்டருக்கு மேல் நீளமுள்ள இரண்டு சுரங்கங்கள். அவற்றை அடுத்து, ஓடைக்கு மேல் 37 மீட்டர் உயரத்தில் நிற்கும் மற்றொரு பாலம். அவ்வட்டாரத்திலேயே உடைத்து, கையாற் செதுக்கிய கல்லால் அதன் தூண்கள் கட்டப்பட்டுள்ளன. சுரங்கங்கள் வளைந்தவை, உள்ளே சிறிது தூரம் சென்றதும் இரு வாயிலின் வெளிச்சமும் மறைந்துவிடும். கைவிளக்கு இல்லாமல் நுழைவது தகாது. உளியின் தழும்புகளை அந்த விளக்கொளியில் சுவரிலே காணலாம். சம்மட்டியும் உளியும் வெடிமருந்தும் கொண்டு, குளிரில் கூடாரமடித்துத் தங்கி அதைக் குடைந்தவர்களுடைய பெயர்கள் பெரும்பாலும் எங்கும் பொறிக்கப்படவில்லை.

அடுத்த பள்ளத்தாக்கில் ஒட்டுரெஹுவா என்னும் ஊர். அங்கே எர்னஸ்ட் ஹேய்ஸ் என்பவர் 1895-இல் ஒரு தொழிற்கூடம் தொடங்கிப் பண்ணைகளுக்கு வேண்டிய கருவிகளைச் செய்தார். வேலிக் கம்பியை இழுத்து முறுக்கும் அவருடைய கருவி உலகெங்கும் விலைபோயிற்று. செய்தவர் அவர்; விற்றவர் அவருடைய மனைவி ஹன்னா. அந்தக் காலத்துச் சைக்கிளில், கல்லும் மண்ணும் நிறைந்த வழிகளில், பல குழந்தைகளுக்குத் தாயான அந்த அம்மையார் பண்ணை பண்ணையாகச் சென்று கொள்முதல் ஆணைகளைப் பெற்றுவந்தார். அவ்வட்டாரத்தில் சைக்கிளை உல்லாசத்துக்கன்றிப் பிழைப்புக்காக ஓட்டிய முன்னோடி என்று அவரைச் சொல்லலாம். அவருக்குச் சரளை டயரும் இல்லை, கியரும் இல்லை.

பாதையின் நடுப்பகுதியில், கடல்மட்டத்துக்கு மேல் 618 மீட்டர் உயரத்தில் உச்சி வருகிறது. கிளைடிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 450 மீட்டர் ஏறியிருக்கிறோம். எப்போது ஏறினோம் என்று கேட்கத் தோன்றும். அவ்வளவு மெல்லிய சரிவு. வடக்கே ஹாக்டன் மலைத்தொடர் கத்தியால் அறுத்தது போன்ற சமமான முகட்டோடு நிற்கும். அடுத்து வெட்டர்பர்ன். அங்கே பச்சை வண்ணம் பூசிய தகரக் கொட்டகை ஒன்று பாதையோரம் இருக்கிறது. கிரஹாம் சிட்னி என்னும் ஓவியர் 1970-களில் பனி மூடிய சமவெளியில் அக்கொட்டகையைத் தனியே தீட்டிய படம் நாடெங்கும் புகழ்பெற்றது. இரயில் நின்றதும் கொட்டகையை வேறிடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சைக்கிள் பாதை வந்த பிறகு ஊரார் அதை மீட்டு மீண்டும் பழைய இடத்தில் நிறுத்தினர்.

ரான்ஃபர்லியைக் கடந்தபின்னும் பாதை இறங்கிச் செல்லும். ஹைட் என்னும் ஊருக்கு அப்பால், சற்று நிற்க வேண்டிய ஓரிடம் உண்டு. 1943 ஜூன் 4-ஆம் நாள், வளைவுக்கு உரிய வேகத்தைப்போல் இருமடங்குக்கும் மேலான வேகத்தில் வந்த பயணிகள் வண்டி அங்கே தடம்புரண்டு 21 பேர் மாண்டனர். உலகப்போர்ச் செய்திகளுக்கு நடுவே அத்துயரம் ஒதுங்கிப்போயிற்று. இறந்தோர் நினைவாகக் கல்லால் ஒரு கூம்பு எழுப்பியிருக்கிறார்கள். அதன் பின்னர் நீண்ட மலைத்தொடரை வலப்புறத்தே வைத்துக்கொண்டு மிடில்மார்ச் வரையில் ஏறக்குறையச் சமவழி. அவசரமில்லாதவர் நான்கு அல்லது ஐந்து நாளில் இப்பயணத்தை முடிக்கிறார். சுமையைத் தனி வண்டியில் அடுத்த ஊருக்கு அனுப்பிவைப்போரும் சைக்கிளை வாடகைக்குத் தருவோரும் வழியெங்கும் உள்ளனர். எதிர்காற்று ஒன்றுதான் மெய்யான பகை. அதற்கு எந்தப் பொறியியலாரும் வழி செய்யவில்லை.

இரயில் நின்றபோது இவ்வூர்கள் தேய்ந்துகொண்டிருந்தன. கடைகள் மூடப்பட்டன, இளைஞர் நகரத்துக்குச் சென்றனர். பாதை திறந்தபின் பழைய விடுதிகளில் விளக்கெரிந்தது. பண்ணை வீடுகளில் அறைகள் ஒழித்துத் தரப்பட்டன. எதிர்த்தவர்களிலும் சிலர் விருந்தினரை வரவேற்கத் தொடங்கினர். 2009-இல் நாடெங்கும் சைக்கிள் வழிகள் அமைக்க அரசு திட்டமிட்டபோது, முன்மாதிரியாகச் சுட்டப்பட்டது இந்தப் பாதையே. நாமறிந்தவரையில் இதற்கு மூலகாரணம் அழகிய மலையன்று; மலை முன்பும் இருந்தது. 1993-இல் நிலம் துண்டாடப்படாமற் காக்கப்பட்டதே காரணம்.

இதன் எதிர்ப்பக்கத்தை இங்கிலாந்தில் காணலாம். அங்கே 1963-ஆம் ஆண்டின் அறிக்கைக்குப் பிறகு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கிளைப்பாதைகள் மூடப்பட்டு, நிலம் கூறுகூறாக விற்கப்பட்டது. ஓரிடத்தில் வீடு, ஓரிடத்தில் தொழிற்சாலை, ஓரிடத்தில் பாலம் இடிப்பு. பின்னர்ச் சைக்கிள் வழி அமைக்க முனைந்தோர் பல இடங்களில் அறுந்த மாலையைக் கோப்பது போல் பாடுபட நேர்ந்தது. அமெரிக்கர் இதற்கு ஒரு சட்ட உபாயம் கண்டனர். 1983-இல் அவர்கள் இயற்றிய விதிப்படி, கைவிடப்பட இருக்கும் இருப்புப்பாதையை, ‘வருங்காலத்தில் இரயிலுக்கு மீண்டும் தேவைப்படலாம்’ என்ற நிபந்தனையோடு முழுமையாகக் காத்துவைத்து, அதுவரை நடைவழியாகவும் சைக்கிள் வழியாகவும் பயன்படுத்தலாம். அவ்விதி செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. பிட்ஸ்பர்கிலிருந்து கம்பர்லந்து வரையில் அலிகேனி மலைகளைக் கடக்கும் 240 கிலோமீட்டர்ச் சரளைப் பாதையும் பழைய இருப்புப்பாதைகளின்மேல் அமைந்ததே, 2013-இல் நிறைவெய்தியது. அதிலுள்ள ஏறத்தாழ 1,000 மீட்டர்ச் சுரங்கத்துக்குக் குளிர்காலத்தில் கதவு போட்டு அடைத்துவிடுகிறார்கள். உள்ளே பனி உறைந்தால் சுவர் வெடித்துவிடும்.

இதெல்லாம் அயல்நாட்டுக் கதை. நமக்கென்ன என்று நேயர் கேட்கலாம். நம் நாட்டிலும் மீட்டர்கேஜ் பாதைகள் அகலப்பாதைகளாக மாறி வருகின்றன. பெரும்பாலும் பழைய தடத்தின்மேலேயே புதியது போடப்படுவதால் எஞ்சுவது ஒன்றுமில்லை. மலைப்பகுதியில் சில இடங்களில் மட்டும், அகலப்பாதைக்கு வேறு தடம் தேவைப்பட்டு, பழையது தனியே கழிகிறது. அவற்றுள் பெரியது அசாமில் இருக்கிறது.

இரயில்வேப் பணியின் பொருட்டோ இராணுவப் பணியின் பொருட்டோ லம்டிங்கிலிருந்து பதர்பூருக்குப் பழைய சிறு வண்டியில் சென்ற நேயர்களுக்கு அவ்வழி மறந்திராது. அசாம்–வங்காள இரயில்வே கம்பெனியார் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறைவேற்றிய அந்த மலைப்பகுதியில், பரைல் மலைகளை ஊடுருவி 37 சுரங்கங்கள் இருந்தன. வியப்பான ஒற்றுமையாக, அதன் கடுமையான ஏற்றமும் 37-க்கு 1. பின்னால் மற்றோர் எஞ்சின் நின்று தள்ளினாலன்றி வண்டி ஏறாது. 2014 அக்டோபரில் அது மூடப்பட்டது. 2015-இல் அகலப்பாதையில் வண்டிகள் ஓடத் தொடங்கின. புதிய பாதை பல இடங்களில் வேறு தடம் பிடித்து, நீண்ட சுரங்கங்களின் வழியே செல்கிறது. அதிலுள்ள மிக நீண்ட சுரங்கம் 3 கிலோமீட்டரையும் கடந்தது. சன்னலோரம் இடம்பிடித்து ஹாஃப்லாங் மலையைப் பார்த்துக்கொண்டே செல்லும் இன்பம் அந்த அளவுக்குக் குறைந்தது. வேகமும் சுமைதிறனும் கூடின. இரண்டையும் ஒருங்கே பெற இயலாது.

பழைய தடத்தில் சைக்கிள் ஓடுமா? 37-க்கு 1 என்பது ஒட்டாகோவின் ஏற்றத்தைவிடக் கடியது. ஆயினும் கால்களுக்கு அப்பாற்பட்டதன்று. ஆனால் ஒட்டாகோவில் இல்லாத இரண்டு இங்கே உண்டு. முதலாவது, மனிதர். ஒட்டாகோவின் சமவெளியில் ஆடுகளே மிகுதி. இங்கே மலையெங்கும் பல இனத்து மக்களின் ஊர்கள். மழைக்காலத்தில் மருத்துவமனைக்குச் செல்லச் சாலையில்லாத ஊர், அந்தத் தடத்தைத் தன் சாலையாக்கிக்கொள்ள விரும்பினால், அங்கே சைக்கிள் உல்லாசத்தைப் பற்றிப் பேசுவது பண்பாகாது. அம்மாவட்டத்துக்கெனத் தன்னாட்சி மன்றம் ஒன்று உண்டு. முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்களும் இரயில்வேயுமே. தில்லியிலோ பெங்களூரிலோ அமர்ந்து சரளைச் சைக்கிள் வாங்கியவர்கள் அல்லர். எந்த முடிவாயினும், தடம் முழுமையாக இருக்கும்போது எடுக்கப்படுவதே நலம் என்பது மட்டும் நம் கருத்து. பாலத்தின் இரும்பைப் பழைய விலைக்குப் போட்டுவிட்ட பிறகு ஆலோசிப்பதில் பயனில்லை.

இரண்டாவது, மழை. 2022 மே மாதத்தில் அங்கே பெய்த மழையில் மலைச்சரிவு பெயர்ந்து புதிய ஹாஃப்லாங் நிலையத்தின்மேல் விழுந்தது. நின்றுகொண்டிருந்த வண்டியின் பெட்டிகளைச் சேறு புரட்டித் தள்ளிற்று. காவலும் பராமரிப்பும் உள்ள பாதைக்கே அந்த நிலை. கைவிட்ட தடத்தில், ஒரு மதகு இலையும் மண்ணும் சேர்ந்து அடைபட்டால் போதும். தண்ணீர் மேட்டின்மேல் ஏறி வழிந்து, ஒரே பருவத்தில் பத்து அடி நீளத்தை அறுத்துக்கொண்டு போய்விடும். மறுபருவத்தில் அந்தப் பத்து அடி ஐம்பதாகும். மலைநாட்டு இருப்புப்பாதை ஒரு நூற்றாண்டு நிலைத்து நின்றதற்குக் காரணம் கல்லும் இரும்பும் மட்டுமல்ல. குறிப்பிட்ட சில கிலோமீட்டரைத் தம் பொறுப்பாகக் கொண்டு, தோளில் மண்வெட்டியோடும் கையில் சுத்தியலோடும் நாள்தோறும் நடந்து, வடிகாலைத் தோண்டிவிட்டு, சரிந்த கல்லை அகற்றிய கேங்மேன்களே அதனைக் காத்தனர். நம் தந்தையர், பாட்டனாரில் அத்தொழில் செய்தோர் எத்தனையோ பேர். சரளைப் பாதை அமைந்தாலும் அந்த வேலை ஒழியாது. ஆட்களை வைத்துச் சம்பளம் கொடுக்கும் ஏற்பாடு திறப்பு விழாவுக்கு முன்பே செய்யப்பட வேண்டும்.

ஒட்டாகோவில் அத்தொழிலாளர்கள் தங்கள் கருவிகளை வைத்துக்கொண்டு மழைக்கு ஒதுங்கிய சிறு தகரக் குடிசைகளின் அமைப்பிலேயே, பாதையோரம் ஆங்காங்கே குடிசைகளை நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே அவ்விடத்தின் வரலாற்றை எழுதிய பலகைகள் உள்ளன. எதிர்காற்று மிஞ்சும்போது சைக்கிளை வெளியே சாய்த்துவிட்டு, அதற்குள் சிறிது நேரம் உட்கார்ந்திருக்கலாம்.